மாப்பிள்ளையைச் சோதிக்கச் சைக்கிளில் போனேன்

என் தங்கை எஸ்தருக்கு மாப்பிள்ளை பார்க்கக் கப்பல் ஏறியபோது, என் சைக்கிளையும் கூடவே ஏற்றினேன். பினாங்குத் துறைமுகத்தில் சாமான் ஏற்றுகிறவர் சிரித்தார். "இந்தியாவில் சைக்கிள் கிடையாதா?" என்று மலாய் மொழியில் கேட்டார். இருக்கிறது, ஆனால் இது இல்லை என்றேன். மூன்று கியர் வைத்த பச்சை வண்டி. ஈப்போவில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பது என் வேலை. வாரத்தில் ஆறு நாள் அதன் மேல்தான் பிழைப்பு. ஏழாம் நாள் எங்கள் சைக்கிள் சங்கத்தாரோடு ஐம்பது மைல் போய் வருவேன். முப்பத்தாறு வயதிலும் சங்கத்தில் எனக்கு முன்னால் போகிறவர் இல்லை. சமீபத்தில் இரண்டு பேர் போனார்கள். அவர்கள் புது வண்டி வாங்கியவர்கள்.

என் அப்பா பிறந்தது செங்கல்பட்டுப் பக்கத்தில். ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் எடுத்தபோது மலாயா வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. ஆகவே அது அவருக்குச் சொந்த ஊர், எனக்கு வெளிநாடு. எங்கள் கோயில் பாட்டுக் குழுவில் இருந்த ஒரு பெரியவர் தன் அண்ணன் மகனைப் பற்றிச் சொன்னார். பெயர் ஞானமுத்து, இருபத்தெட்டு வயது, செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். சைக்கிள் பந்தயத்தில் பரிசு வாங்கியவன். கையில் கோப்பையோடு சைக்கிளில் சாய்ந்து நிற்கும் படமும் வந்தது.

எஸ்தர் ஈப்போ ஆஸ்பத்திரியில் நர்ஸ். படத்தைப் பார்த்துவிட்டு, "ஆள் நல்லாத்தான் இருக்கார். நீ போய்ப் பேசிப் பாரு அண்ணே. படத்தை வச்சு நான் யாரையும் கட்டிக்க மாட்டேன்" என்றாள். அந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஒருவனோடு ஐம்பது மைல் சைக்கிள் மிதித்தால் அவன் யார் என்று தெரிந்துவிடும் என்பது என் கொள்கை.

செங்கல்பட்டு நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது காலை எட்டு மணி. ஏரிக்காற்று சில்லென்று இருந்தது. ஞானமுத்து தன் சைக்கிளோடு வந்திருந்தான். படத்தில் இருந்ததைவிட மெலிந்து, வெளுத்திருந்தான். என் வண்டியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. குனிந்து கியர்க் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். "இது மேட்டுக்கு, இது சமத்துக்கு, இது இறக்கத்துக்கா அண்ணா?" என்று சரியாகக் கேட்டான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

நிலையத்தில் இட்லி வாங்கிச் சாப்பிட்டோம். நான் எட்டு, அவன் மூன்று. ஈப்போவில் காலையில் ரொட்டியும் டின் பால் ஊற்றிய கோப்பியும்தான். அரிசியை இப்படி மெத்தென்று பண்ணலாம் என்பதை மறந்தே போயிருந்தேன். இட்லிக்குப் பிறகு ஜாங்கிரி. ஜாங்கிரிக்குப் பிறகு மூன்று செம்பு தண்ணீர்.

அவனுடைய வீடு ஊர்க் கடைசியில், வயலைப் பார்த்த ஓட்டு வீடு. அப்பா இல்லை. அம்மா மரியாள், மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். இரண்டு தலைமுறையாக மற்றவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். இப்போது சொந்தமாக அரைக் காணி இருக்கிறது. மகன் வாத்தியார் ஆன பிறகும் லீவு நாளில் அம்மாவும் பிள்ளையுமாகச் சேற்றில் இறங்கி நடுகிறார்கள். அந்த அம்மாள் எனக்குக் கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"துன்னு நைனா. கப்பல்ல இன்னா போட்டானோ. ஒடம்பு உருகிப் பூட்டுது போல கீது" என்றார்.

"பயணக் களைப்பு" என்றேன். சட்டை தொளதொளவென்று ஆனது எனக்கே தெரியும். கப்பல் சாப்பாடு மட்டம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மாப்பிள்ளை வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமல்லவா. மைதானத்தில் நாற்பது பிள்ளைகள் வரிசையாகக் கைகளை வீசிக்கொண்டிருந்தார்கள். டிரில் மாஸ்டர் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்தான். எழுந்தவன் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற தோட்டக்காரர் தானாகவே என்னிடம் சொன்னார்: "முன்னெல்லாம் மாஷ்டரு பசங்களுக்கு முன்னால ஓடுவாரு. ஒரு வருசமா இப்பிடித்தான், குந்திகினே."

 மெலிவு, வெளுப்பு, களைப்பு. அந்தக் காலத்தில் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்த யாருக்கும் ஒரே நோயின் பெயர்தான் முதலில் தோன்றும். என் மனத்திலும் அதே எண்ணம்தான். காசநோய்க்காரனுக்கு என் தங்கையைக் கேட்கிறார்களா? அன்று மாலையே அவனிடம், "நாளை மகாபலிபுரம் போவோமா? சைக்கிளில்?" என்றேன். அவன் ஒரு கணம் யோசித்தான். "போலாம் அண்ணா" என்றான்.

விடிந்ததும் கிளம்பினோம். சாலை இருபுறமும் புளிய மரம். சாலையில் எங்களைத் தவிர வைக்கோல் வண்டிகள்தான். ஈப்போவில் சாலைக்கு இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள் நெட்டுக்குத்தாக நிற்கும்; அங்கங்கே ராணுவத்தார் நிறுத்தி, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று சாக்கைக்கூடக் குத்திப் பார்ப்பார்கள். இங்கே யாரும் நிறுத்தவில்லை. ஞானமுத்து முதல் நான்கு மைல் அழகாக மிதித்தான். முதுகு ஆடாமல், முழங்கால் விரியாமல், பழகியவன் மிதிக்கும் மிதி. ஐந்தாம் மைலில் பேச்சை நிறுத்தினான். ஆறாவதில் பின்தங்கினான். நான் திரும்பிப் பார்த்தபோது இறங்கி, ஹாண்டில்பாரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணுமில்ல அண்ணா. செயின் இறுக்குது" என்றான். செயினில் குறை எதுவும் இல்லை.

திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரக் கடையில் சைக்கிள்களை விட்டோம். உச்சி வேளைக்குக் கழுகு வந்து சோறு வாங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன்; அதைப் பார்க்காமல் போவதில்லை என்று படி ஏறினேன். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். ஐம்பதாவது படியிலேயே ஞானமுத்து உட்கார்ந்துவிட்டான். உதடு சுண்ணாம்பாக இருந்தது. கழுத்து நரம்பு துடிப்பது எட்ட நின்றே தெரிந்தது. "நீங்க பாத்துட்டு வாங்க" என்று கையை ஆட்டினான்.

நான் ஏறினேன். பாறையில் குருக்கள் பாத்திரத்தைத் தட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் யாத்திரிகர்கள் பேச்சில்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பறவைகள் வட்டமடித்து இறங்கி, அவர் கையருகே வந்து கொத்திவிட்டுப் போயின. அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் நின்ற ஒரு தெலுங்கு அம்மாள் விசும்பி அழுதாள். இறங்கும்போது என் கால்களும் நடுங்கின. வெயில் என்று சொல்லிக்கொண்டேன். கீழே வந்து இரண்டு இளநீரும் பனையோலையில் மடித்த ஒரு பெரிய பட்டை பதநீரும் குடித்தேன். தேன் போல இருந்தது. மறுபடி ஒரு பட்டை வாங்கிக் குடித்தேன்.

மகாபலிபுரத்துக்கு முன்னால் இருந்த கால்வாயைப் படகில் கடக்க வேண்டியிருந்தது. அங்கேதான் என் பச்சை வண்டிக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. படகில் ஏற்கெனவே இரண்டு ஆடுகள். ஒரு ஆடு துள்ளியது, நான் வண்டியை விட்டேன், வண்டி தண்ணீருக்குள் போயிற்று. ஓடக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. கழியை மாட்டி மேலே தூக்கினார்.

"இன்னா அண்ணாத்த, வண்டிய இப்பிடியா புடிப்பாங்க? கையில தெம்பில்லியா?" என்றார். பிறகு ஞானமுத்துவைப் பார்த்து, "இவுரு அதுக்கு மேல. மூஞ்சில ரத்தமே காணம். ரெண்டு பேரும் வூட்ல படுத்துகினு இருக்காம இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

ஞானமுத்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈப்போவில் யாரும் என் கையைப் பற்றி அப்படிப் பேசியதில்லை.

மகாபலிபுரத்தில் அப்போது கூட்டம் கிடையாது. ஒற்றைக்கல் கோயில்கள் மணல்வெளி நடுவில், ஆடு மேய்க்கிறவர்களுக்கு நிழலாக நின்றன. சத்திரத்தில் இடம் பிடித்துவிட்டு, மீனவப் பெண் ஒருத்தி பொரித்துக் கொடுத்த வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு கரைக்கு வந்தோம். சூரியன் எங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுமரங்களை மணலில் இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

"இருமல் உண்டா? ரத்தம் வருகிறதா?"

அவன் மீனைக் கீழே வைத்தான். "இல்ல அண்ணா. சத்தியமா இல்ல. காய்ச்சலும் இல்ல."

"பிறகு என்ன?"

"தெரிலண்ணா." மணலைக் கிள்ளிக்கொண்டே சொன்னான். "ஒரு வருசமா இப்பிடிக் கீது. மொதல்ல மேடு ஏறச்சொல்ல மூச்சு வாங்கிச்சு. அப்புறம் சமத்துலயும். முட்ட துன்னேன், டானிக்கு குடிச்சேன், லேகியம் சாப்ட்டேன். காலைல எழுந்தா யாரோ ராத்திரி பூரா அடிச்ச மாதிரி கீது."

"டாக்டரிடம் காட்டவில்லையா?"

"காட்டி அந்த நோவுன்னு சொல்லிட்டா? பள்ளிக்கூடத்துல நிறுத்திடுவாங்க. டிரில் மாஷ்டரு ஓட முடிலன்னா இன்னாத்துக்கு அவன்? அம்மா மறுபடி கூலிக்குப் போவணும். தெரியாத வரைக்கும் வேல கீது."

நான் பெரிய மனிதத் தோரணையில் பேசினேன். மறைத்து வைத்த நோய் எங்கும் ஓடிப் போவதில்லை, டாக்டரைப் பார்க்காமல் கல்யாணப் பேச்சு கிடையாது, என் தங்கையை இருட்டில் தள்ளுகிறவன் நானில்லை என்று அடுக்கினேன். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு மரியாதையாகவே சொன்னான்:

"காட்றேன். ஆனா நீங்களும் காட்டணும்."

"எனக்கென்ன?"

"நாப்பது பசங்கள ஒரே நேரத்துல பாக்கறது என் வேல அண்ணா. செங்கல்பட்டுல இருந்து இங்க வரதுக்குள்ள பத்து வாட்டி தண்ணி குடிச்சீங்க. எட்டு வாட்டி மரத்தாண்ட ஒதுங்கினீங்க. எனக்கு முன்னால போனீங்க, சரி. ஆனா மேட்டுல ஒங்க காலு ஒதறிச்சு. எங்கம்மா குடுத்த சோறெல்லாம் எங்க போவுது?"

நான் உரக்கச் சிரித்தேன். வெயில் என்றேன். கப்பல் என்றேன். அவன் விடவில்லை. கடைசியில், "சரி, இருவரும் காட்டுவோம். என்னைப் பார்த்து டாக்டரே சிரிக்கப்போகிறார்" என்றேன். அதை முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன்.

அடுத்த நாள் கரையோரமாகச் சதுரங்கப்பட்டினம் போனோம். இடிந்த டச்சுக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மணலில் டயர் புதைந்தது. பாதி தூரம் வண்டியைத் தள்ளித்தான் போனோம். கோட்டைச் சுவரின் செங்கல் வெயிலில் அனலாக இருந்தது. உள்ளே கல்லறைகளில் கப்பலும் மண்டையோடும் செதுக்கியிருந்தார்கள். அதைக் குனிந்து பார்த்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது, ஒரு ஆட்டுக்காரி என் தலைக்கு மேல் நின்று, "செத்துப் பூட்டாங்களோன்னு பாத்தேன்" என்று சொன்னது. சுவர் நிழலில் நானும் ஞானமுத்துவும் அடுத்தடுத்து விழுந்து இரண்டு மணி நேரம் தூங்கியிருந்தோம். இரண்டு சைக்கிள்காரர்கள்! எழுந்து இருபது மைல் மிதிக்க இருவருக்கும் தெம்பில்லை. விறகு ஏற்றிய லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, விறகின் மேல் சைக்கிள்களைப் போட்டு, சைக்கிள்களின் மேல் நாங்கள் உட்கார்ந்து, செங்கல்பட்டு வந்து சேர்ந்தோம். 

கடைத்தெருவில் டாக்டர் பத்மாவதி என்ற அம்மையார் வைத்தியம் பார்த்துவந்தார். நாற்பது வயது இருக்கும். கதர்ப் புடவை, வெள்ளைக் கோட்டு, அவசரமே இல்லாத பேச்சு. ஜன்னலோரம் ஒரு மைக்ரோஸ்கோப். ஞானமுத்துவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்து வெகு நேரம் கேட்டார். கையை விரிக்கச் சொல்லி நகங்களைப் பார்த்தார். நகங்கள் கரண்டி மாதிரி நடுவில் குழிந்திருந்தன. அதுவரை நான் அவற்றைக் கவனிக்கவே இல்லை.

"வயல்ல இறங்குவீங்களா?"

"இறங்குவேன் டாக்டர்."

"செருப்பில்லாம?"

"சேத்துல எப்பிடி செருப்பு போடறது?"

விரலில் ஊசி குத்தி ரத்தத்தை ஒரு காகிதத்தில் ஒற்றி, நிறம் அச்சடித்த அட்டையோடு வைத்துப் பார்த்தார். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை என்றார். மறுநாள் மலம் கொண்டு வரச் சொன்னார். சளியையும் மூன்று நாள் தொடர்ந்து கொடுக்கச் சொன்னார்.

மறுநாள் எங்கள் இருவரையும் அழைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். கண்ணாடிக்கு அடியில் நீள்வட்டமாக, மெல்லிய ஓட்டோடு, உள்ளே கட்டி கட்டியாக ஏதோ மிதந்தது.

"கொக்கிப்புழு முட்டை. மண்ணுல இருந்து பாதம் வழியா ஏறி, குடல்ல கடிச்சுத் தொங்கிக்கிட்டு ரத்தத்தைக் குடிக்கும். நூத்துக்கணக்குல இருக்கும். நீங்க முட்டை சாப்பிட்டதெல்லாம் அதுங்களுக்குத்தான் போயிருக்கு."

"அந்த நோவு இல்லியா டாக்டர்?"

"நெஞ்சு சுத்தமா இருக்கு. சளியையும் பார்த்து முடிச்சிடறேன், சந்தேகமே வேண்டாம். புழுவுக்கு மருந்து, அப்புறம் இரும்புச் சத்து மாத்திரை. ரெண்டு மாசத்துல பழையபடி ஓடுவீங்க."

ஞானமுத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஒரு வருடமாகச் சுமந்த பயம் தோளிலிருந்து இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. மருந்து வாங்க அவனை வெளியே அனுப்பினார்.

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். முதல் நாளே என் சிறுநீரையும் வாங்கி வைத்திருந்தார். எனக்காகச் சோதனையை மறுபடி செய்து காட்டினார். கண்ணாடிக் குழாயில் வானம் மாதிரி நீல மருந்து. அதில் எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாயிற்று, மஞ்சளாயிற்று, கடைசியில் செங்கல் நிறத்தில் திரண்டு நின்றது.

"சர்க்கரை. நல்லாவே இருக்கு. எத்தனை மாசமா இப்படித் தாகம்?"

நான் சைக்கிள்காரன் என்றேன். ஞாயிறுதோறும் ஐம்பது மைல் போகிறவன் என்றேன். குழாய் மாறியிருக்கும் என்றேன்.

"சைக்கிள் விட்டதாலதான் இவ்வளவு நாள் நடமாடிக்கிட்டு இருக்கீங்க. உங்க அப்பா எப்படிப் போனார்?"

காலில் ஒரு புண். ஆறவே இல்லை. கடைசி வருடத்தில் கட்டிலுக்கடியில் எப்போதும் ஒரு குடம் தண்ணீர். அதைச் சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. டாக்டர் தலையை ஆட்டினார். தினமும் இன்சுலின் ஊசி, அளந்த சாப்பாடு, இனிப்பு அறவே கூடாது, ஒழுங்காக இருந்தால் நெடுநாள் வாழலாம் என்றார். "கூடப் பிறந்தவங்களையும் பார்க்கச் சொல்லுங்க" என்றும் சொன்னார்.

வெளியே ஞானமுத்து இரண்டு வண்டிகளையும் பிடித்துக்கொண்டு நின்றான். "இன்னா சொன்னாங்க?"

"ஒன்றுமில்லை. கொஞ்சம் பலவீனம். சத்து ஊசி போடுவார்" என்றேன்.

அவனை அவ்வளவு விரட்டிய நான் இப்படிப் பொய் சொன்னேன். சர்க்கரை எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது என்று தெரிந்தால் எஸ்தரை யார் கேட்பார்கள்? இதுதான் என் கணக்கு. அவன் பள்ளிக்கூடத்துக்குப் பயந்த பயம் என்னவென்று அந்தத் தெருவில்தான் எனக்குப் புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. ஞானமுத்து வெறும் வயிற்றில் புழு மருந்து குடித்து, தலை சுற்றி, நாள் முழுவதும் பாயில் கிடந்தான். "மரியாதையாப் போங்கடா எல்லாரும்" என்று வயிற்றைப் பார்த்துப் புழுக்களுக்கு உத்தரவு போட்டான். நான் சத்து ஊசி என்று சொல்லிக் காலையில் டாக்டரம்மா வீட்டுக்குப் போய் வந்தேன்.

மூன்றாம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்தான். மரியாளம்மாளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. புது வெல்லம் வாங்கி, பாசிப்பருப்பு போட்டு, நெய் மணக்கப் பாயசம் வைத்தார். மகனுக்கு நெய் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் முழுச் சட்டியும் எனக்கு. கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ வராட்டி எம்புள்ள சொல்லாமயே செத்துப் பூட்டிருப்பான் நைனா. ஒன்னாலதான் பொழச்சான். துன்னு."

கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். வாசனை மூக்கில் ஏறியது. கீழே வைத்தேன்.

"அம்மா, நான் இதைச் சாப்பிடக் கூடாது. எனக்கு நீரிழிவு. அப்பாவுக்கும் அதுதான் இருந்திருக்கிறது. மூன்று நாளாக உங்களிடம் பொய் சொன்னேன்."

அம்மாள் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, நியாயமான கோபம்தான்.

"பொண்ணுக்கும் கீதா?" என்று மெதுவாகக் கேட்டார் அம்மாள்.

"தெரியாது. வரலாம்."

 பிறகு ஞானமுத்து சுவரைப் பிடித்து எழுந்து வந்து, கிண்ணத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். "நீ துன்னும்மா. எங்க ரெண்டு பேருக்கும் ஆவாது" என்றான். என் பக்கம் திரும்பினான். "கடற்கரைல அந்தப் பேச்சு பேசினீங்களே அண்ணா."

"பேசினேன்."

"எம்மேல இருந்த சந்தேகத்த அன்னிக்கே கேட்டுட்டீங்க. ஒங்களோடத நீங்களா சொல்ல மூணு நாள் ஆச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "பரவால்ல. நா ஒரு வருசம் சொல்லல. ஒங்க தங்கச்சி நர்ஸுதானே? ரெண்டையும் எழுதிக் கேப்போம். என் புழுவையும் ஒங்க சக்கரையையும். அவுங்க சொல்லட்டும்."

அம்மாள் உடனே சம்மதிக்கவில்லை. பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் வாசலைப் பார்த்தார். "எம்புருசன் ஒரு நோவும் இல்லாம இருந்தாரு. பாம்பு கடிச்சி பூட்டாரு" என்றார் கடைசியில். "எழுதுங்க."

ஒரே உறையில் இரண்டு கடிதம் போட்டோம். அவன் எழுதியதை நான் படிக்கவில்லை. என்னுடையதை அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

அடுத்த மூன்று வாரம் என் வாழ்க்கையில் நான் மிகக் குறைவாகச் சாப்பிட்ட காலம். அப்பேர்ப்பட்ட இட்லி ஊரில் காலைக்கு இரண்டு இட்லி! ஆனால் பத்தே நாளில் தாகம் நின்றது. ராத்திரி எழுந்து வெளியே போவது நின்றது. ஒரு காலையில் கொளவாய் ஏரிக் கரையைச் சுற்றி மிதித்தபோது கால் உதறவில்லை. எவ்வளவு நாளாக இந்தக் காலை நான் மறந்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஞானமுத்துவின் உதட்டில் மெல்ல நிறம் வந்தது. டாக்டரின் அட்டையில் அவனுடைய ரத்தம் இரண்டு கட்டம் மேலே ஏறியது. சளியில் எதுவும் இல்லை. அவன் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்து அம்மாவின் காலில் மாட்டிப் பார்த்தான். அவர் அதைப் போட்டுக்கொண்டு வயலில் இரண்டடி வைத்து, சேற்றில் மாட்டிக்கொண்டு எங்கள் இருவரையும் திட்டினார். ஆனாலும் மறுநாள் அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவருக்கும் புழு இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவன் தானாகவே போய்ச் சொல்லிவிட்டான். தலைமை ஆசிரியர் அவனை நிறுத்தவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் டாக்டரம்மாவிடம் காட்ட முடியுமா என்று கேட்டாராம்.

நாலாவது வாரம், மெதுவாகப் போய் மெதுவாக வருவதென்றால் திருக்கழுக்குன்றம் வரை போகலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். ஊசி போட்டுக்கொண்டு மிதிக்கிறவனுக்குச் சர்க்கரை சட்டென்று மிகவும் இறங்கிவிடலாம், சட்டைப் பையில் வெல்லக்கட்டி வைத்திருக்க வேண்டும், கை நடுங்கினால் உடனே வாயில் போட வேண்டும் என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். காலையில் நாங்கள் கிளம்புகிற நேரத்தில் தபால்காரர் வந்து மலாயா முத்திரை குத்திய உறையைக் கொடுத்தார்.

உள்ளே எனக்கு ஒரு தாள். "அன்புள்ள அண்ணனுக்கு. உங்கள் கடிதம் வந்த அன்றே ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்தேன். சர்க்கரை இல்லை. வருடந்தோறும் பார்ப்பேன். எத்தனை தடவை உங்களை வந்து காட்டச் சொல்லியிருப்பேன்? இன்சுலினை ஐஸ்பெட்டியில் வைக்க ஏற்பாடு செய்துவிட்டேன். சிரிஞ்சு கொதிக்க வைக்கிறார்களா என்று பாருங்கள். அவருக்கு எழுதியதை அவரிடமே கொடுங்கள்." சம்மதம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.

இன்னொரு தாள் நான்காக மடித்து ஒட்டியிருந்தது. ஞானமுத்து ஒரு காலைத் தரையில் ஊன்றி, சைக்கிளில் உட்கார்ந்தபடியே அதைப் பிரித்தான். ஒரு பக்கம்தான். முதலில் வேகமாகப் படித்தான். பிறகு மேலிருந்து நிதானமாகப் படித்தான். வாசலில் மரியாளம்மாள் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றார். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டான்.

"இன்னாடா சொல்லிகிது அந்தப் பொண்ணு?" என்றார் அம்மாள்.

அவன் பெடலைச் சுண்டி மேலே கொண்டுவந்தான். காது வரை சிவந்திருந்தான். சிவக்க அவனிடம் இப்போது ரத்தம் இருந்தது.

"ஏறுங்க மச்சான்" என்றான் என்னிடம். "வெய்யிலுக்கு முன்ன போயிட்டு வந்துருவோம்."

நான் ஏறினேன். மெதுவாகப் போக வேண்டும் என்று டாக்டர் சொன்னதைப் புளியமரச் சாலை வரை இருவரும் காப்பாற்றினோம். அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க என்னால் முடியவில்லை.